சிக்னலைத் தடுப்பது டவரா, நமது சுவரா?



நமது சங்கத்தின் மாதக் கூட்டங்களில் ஒரு காலத்தில் விற்பனை வரி, செக்போஸ்ட், எடைக்கல் முத்திரை என்றுதான் பேச்சு இருக்கும். இப்போது எந்தக் கூட்டத்தில் எழுந்தாலும், "கடைக்குள் சிக்னல் இல்லை" என்று குறைந்தது நான்கு பேர் சொல்லாமல் உட்காருவதில்லை. வேலூர் லாங்கு பஜார், மண்டித் தெருக் கடைக்காரர்கள் சொல்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு நண்பர்களும் அதையே சொல்கிறார்கள். எல்லோரும் கேட்கும் தீர்வு ஒன்றுதான்: இன்னொரு டவர் வேண்டும், அதற்குச் சங்கம் மனுக் கொடுக்க வேண்டும்.

மனுக் கொடுப்பதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கடை வாசலில் நின்றால் நான்கு கட்டை சிக்னல், கல்லாவுக்கு வந்தால் ஒரு கட்டை, குடோனுக்குள் போனால் ஒன்றுமே இல்லை என்றால், அங்கே டவர் தன் வேலையைச் செய்துவிட்டது என்றுதான் அர்த்தம். வாசலுக்கும் கல்லாவுக்கும் இடையே இருப்பது நாம் கட்டிய கட்டடம். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

இது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். மளிகைக்கடையில் இன்று பாதிப் பேர் செல்போனில்தான் பணம் தருகிறார்கள். வாடிக்கையாளர் 340 ரூபாய்க்குச் சாமான் வாங்கி, ஸ்கேன் செய்து, "போயிடுச்சு பாய்" என்கிறார். நமது ஸ்பீக்கர் பெட்டி வாய் திறக்கவில்லை. "எங்களுக்கு வரலையே" என்கிறோம். அவர் முகம் மாறுகிறது. பின்னால் ஐந்து பேர் நிற்கிறார்கள். கல்லாவில் இருப்பவர் போனைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிப் பார்க்க வேண்டும், அல்லது நம்பி அனுப்ப வேண்டும். நம்பி அனுப்பியதில் சில வராமலே போகின்றன. போலி ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டுப் போகிறவர்கள் தேடி வருவதும் சிக்னல் இல்லாத கடையைத்தான். இன்னொரு பக்கம், இரண்டு முறை பணம் போய்விட்டது என்று நல்ல வாடிக்கையாளர் ஒருவர் வருத்தப்பட்டால், அவர் அடுத்த மாதம் மளிகைக்கு எதிர்க்கடைக்குப் போய்விடுவார். சொற்ப லாபத்தில் ஓடுகிற தொழில் நமது. இதையெல்லாம் தாங்காது.

சரி, சுவர் என்ன செய்கிறது? சுவர் ரேடியோ அலையை அடியோடு நிறுத்துவதில்லை. 1895-ல் கொல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீஷ் சந்திர போஸ், சுவருக்கு அப்பால் இருந்த மணியைக் கம்பியில்லாமலே அடிக்கவைத்துக் காட்டினார். ஆகவே அலை சுவரைக் கடக்கும். ஆனால் சும்மா கடக்காது. மண்டியில் சரக்கு கை மாறும்போதெல்லாம் ஒரு தரகு போவது போல, ஒவ்வொரு சுவரும் தன் தரகை எடுத்துக்கொண்டுதான் அலையை உள்ளே விடும். அலையில் ஒரு பகுதி சுவரில் பட்டுத் திரும்பிவிடுகிறது. ஒரு பகுதி சுவருக்குள்ளேயே சூடாக மாறிக் காணாமல் போகிறது. மிச்சம்தான் நமக்கு.

அந்தத் தரகு எவ்வளவு என்பது இரண்டைப் பொறுத்தது. ஒன்று, சுவர் எதனால் ஆனது. மற்றது, அலை எப்படிப்பட்டது.

அலையை முதலில் பார்ப்போம். எங்கள் வீட்டில் அப்பா காலத்தில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. தபால் ஆபீசில் வருடா வருடம் பணம் கட்டி, லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை வாங்கி வைத்திருப்பார். அதில் கேட்ட சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம், அதாவது ஒரு அலை மேட்டிலிருந்து அடுத்த மேடு வரை உள்ள தூரம், 416 மீட்டர். ஒன்றரை அடிச் செங்கல் சுவரெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. செல்போனில் 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 33 சென்டிமீட்டர். 5ஜி-க்குப் பெரும்பாலும் பயன்படுகிற 3500 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு எட்டரை சென்டிமீட்டர்தான், நம் உள்ளங்கை அகலம். அலை குட்டையாக ஆக அதில் ஏற்றக்கூடிய சரக்கு அதிகம், படம் வேகமாக ஓடும். ஆனால் சுவரைக் கடக்கிற தெம்பு குறைவு.

நீளமான அலைக்கு இருக்கும் தெம்புக்கு நம் மாநிலத்திலேயே ஒரு சாட்சி உண்டு. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படை நிலையம், கடலுக்கு அடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புகிறது. அந்த அலையின் நீளம் மீட்டர் கணக்கில் இல்லை, கிலோமீட்டர் கணக்கில். உப்புத் தண்ணீர் ரேடியோ அலைக்குப் பெரிய எதிரி. அதற்குள்ளும் சில மீட்டர் ஆழம் இறங்க வேண்டுமென்றால் அப்படிப்பட்ட அலைதான் வேண்டும். அந்த அலையில் பேச்சோ படமோ போகாது, எழுத்துச் செய்திதான் மெதுவாகப் போகும்.

இனிச் சுவரின் தரகைக் கணக்காகவே தருகிறேன். உலக அளவில் செல்போன் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி என்ற கூட்டமைப்பு இதற்கு வாய்பாடு வைத்திருக்கிறது. அதன்படி கான்கிரீட் சுவர் ஒன்றைக் கடந்த பிறகு, 900 மெகாஹெர்ட்ஸ் அலையில் சுமார் ஏழில் ஒரு பங்கு மிஞ்சும். 3500 மெகாஹெர்ட்ஸ் அலையில் எண்பதில் ஒரு பங்கு. இரண்டாவது சுவரையும் கடக்க வேண்டுமானால் முதலாவதில் ஐம்பதில் ஒரு பங்கு, இரண்டாவதில் ஆறாயிரத்தில் ஒரு பங்கு. கல்லாவுக்குப் பின்னால் ஒரு சுவர், அதற்குப் பின்னால் குடோன் என்று கட்டியிருக்கும் நம் கடைகளில் 5ஜி ஏன் வாசலோடு நின்றுவிடுகிறது என்று இப்போது புரியும்.

இந்தத் தெம்புக்குச் சந்தையில் என்ன விலை தெரியுமா? 2022-ல் மத்திய அரசு அலைவரிசைகளை ஏலம் விட்டது. 3300 மெகாஹெர்ட்ஸ் வகைக்கு அரசு வைத்த அடிப்படை விலை, நாடு முழுவதற்கும், ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 317 கோடி ரூபாய். 700 மெகாஹெர்ட்ஸுக்கு 3,927 கோடி. பன்னிரண்டு மடங்கு! தூரம் போகும், சுவரைத் தாண்டும் என்பதற்குத்தான் அந்த விலை. அந்த ஏலத்தில் அதை எடுத்தது ஜியோ ஒன்றுதான். அதிலும் நமக்குப் பழக்கமான ஒரு கதை இருக்கிறது. அதே 700-க்கு 2016 ஏலத்தில் அரசு கேட்டது 11,485 கோடி, யாரும் தொடவில்லை. 2021-ல் 6,568 கோடிக்கு இறக்கினார்கள், அப்போதும் விலை போகவில்லை. மூன்றாவது முறைதான் படிந்தது. சரக்கு நல்ல சரக்காக இருந்தாலும் விலை சரியாக இருக்க வேண்டும் என்பது அரசாங்கத்துக்கும் பொருந்துகிறது.

இப்போது சுவருக்கு வருகிறேன். நம் பஜாரில் பழைய கடைகள் செங்கல், சுண்ணாம்பு, தேக்கு உத்தரம், மெட்ராஸ் டெரஸ் என்று கட்டப்பட்டவை. சுவர் கனம்தான், ஆனால் உள்ளே இரும்பு கிடையாது. முன்பக்கம் பலகைக் கதவுகள். காலையில் பலகைகளைக் கழற்றிவிட்டால் கடை முழுவதும் தெருவைப் பார்த்துத் திறந்திருக்கும். இப்போது கட்டுகிற கடைகளில் தூண், உத்தரம், தளம் எல்லாம் கம்பி கட்டிய கான்கிரீட். கம்பிக் கட்டு என்பது ரேடியோ அலைக்கு ஒரு சல்லடை. மைதா இறங்குகிற சல்லடையில் ரவை நின்றுவிடுவது போல, கண்ணைவிடக் குட்டையான அலை இறங்கும், நீளமான அலை மாட்டிக்கொள்ளும். நல்லா கேட்டுக்கொண்டிருந்த டிரான்சிஸ்டர், புதுக் கட்டடத்துக்குக் குடிபோனதும் கரகரத்தது இதனால்தான். குட்டை அலையோ கம்பியைத் தாண்டிவிட்டாலும் கான்கிரீட்டில் கரைகிறது. ஆக, கம்பி ஒரு பக்கம், காரை ஒரு பக்கம் என்று இரண்டும் பங்கு கேட்கின்றன.

கான்கிரீட்டைக்கூட மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது உலோகத் தகடு. தகடு தரகு எடுப்பதில்லை, மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடும். இது 1836-லேயே லண்டனில் மைக்கேல் பாரடே, உலோகத் தகடு ஒட்டிய அறைக்குள் உட்கார்ந்து நிரூபித்த விஷயம். நம் ஊரில் இந்தத் தகடு எந்த வழியாக வந்தது என்றால், "எலிவேஷன்" என்ற பெயரில் வந்தது. பத்துப் பதினைந்து வருடமாக முன்பக்கம் முழுவதும் ஏ.சி.பி. ஷீட் அடிக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. பிளாஸ்டிக் பலகை என்று பலர் நினைக்கிறார்கள். பெயரிலேயே இருக்கிறது அலுமினியம். நடுவில்தான் பிளாஸ்டிக், இரண்டு பக்கமும் அலுமினியத் தகடு.

பஜார் கடையின் அமைப்பை யோசித்துப் பாருங்கள். இடது சுவரும் வலது சுவரும் பக்கத்துக் கடைகளோடு ஒட்டியவை. பின்னால் குடோன். மேலே மாடி. அலை நேரே டவரிலிருந்து வருவதும் அபூர்வம். எதிர்க் கட்டடத்தில் பட்டு, தெருவில் தெறித்து, முன்வாசல் வழியாகத்தான் கடைக்குள் நுழைகிறது. இருக்கிற ஒரே வழி முன்பக்கம். அந்த முன்பக்கத்தில் மேலே பாதியை அலுமினியத்தால் மூடிவிட்டு, கீழே கண்ணாடி போட்டு, அந்தக் கண்ணாடியும் வெயில் தாங்காது என்று உலோகப் பூச்சுள்ள சூடு தடுக்கும் கண்ணாடியாகப் போட்டுவிட்டால் என்ன மிஞ்சும்? சாதாரணக் கண்ணாடி 5ஜி அலையில் பாதியை விடும். பூச்சுக் கண்ணாடி இருநூற்றைம்பதில் ஒரு பங்கைத்தான் விடும், கான்கிரீட் சுவரைவிட மோசம். வேலூர் வெயிலுக்கு அந்தக் கண்ணாடி தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை விற்பவர் இதைச் சொல்லி விற்பதில்லை.

ஷட்டரும் அப்படியே. மதியச் சாப்பாட்டு நேரத்திலும், ஆம்பூர் பக்கம் வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்திலும் ஷட்டரைப் பாதி இறக்கி வைப்பது வழக்கம். உள்ளே கணக்குப் பார்க்கும் பையனுக்கு ஓ.டி.பி. வரவில்லை, இ-வே பில் போடமுடியவில்லை என்று ஒரு குறை எழும். ஷட்டரை ஏற்றியதும் நான்கு ஓ.டி.பி. சேர்ந்து வந்து விழும். இதில் கம்பெனியின் தப்பு என்ன இருக்கிறது?

சரக்கே தடையாவதும் உண்டு. எண்ணெய் டின் அடுக்கினால் அது தகட்டுச் சுவர்தான். தண்ணீர்ப் பசை உள்ள பொருள் அலையைக் குடிக்கும். காய்ந்த உப்பு மூட்டை அலையை விட்டுவிடும், ஈரம் ஏறிய உப்பு விடாது. தோல் மண்டிகளில் ஈர உப்புத் தோல் அடுக்குக்குப் பின்னால் போன் எடுக்காததன் ரகசியம் இது. நம்ப முடியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2012-ல் போயிங் விமானக் கம்பெனி, விமானத்துக்குள் வைஃபை அலை எப்படிப் பரவுகிறது என்று சோதிக்க, பயணிகளின் இருக்கைகளில் உருளைக்கிழங்கு மூட்டைகளை உட்காரவைத்தது. மொத்தம் 20,000 பவுண்டு, நம் கணக்கில் ஒன்பது டன். உருளைக்கிழங்கில் உள்ள நீர், அலையைக் குடிப்பதில் மனித உடம்புக்குச் சமமாக இருக்கிறதாம். நம்மிடம் கேட்டிருந்தால் நல்ல மேட்டுப்பாளையம் சரக்காகவே அனுப்பியிருப்போம்.

"கட்டை தெரிகிறது, பணம் மட்டும் போகவில்லை" என்று சிலர் சொல்வதற்கும் விளக்கம் உண்டு. கட்டை காட்டுவது டவரின் குரல் நமக்குக் கேட்கிறது என்பதை மட்டும்தான். பணம் போக நம் போனின் குரலும் டவருக்குக் கேட்க வேண்டும். டவர் பல வாட் சக்தியில் பேசுகிறது. 4ஜி போனின் உச்ச சக்தியே ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. உள்ளே வரும் அலைக்குச் சுவர் எடுக்கும் தரகையே வெளியே போகும் அலைக்கும் எடுக்கிறது. பெரியவன் கொடுத்துவிட்டுப் பிழைத்துக்கொள்வான், சின்னவன் முழுகிவிடுவான்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், சில நண்பர்களுக்குக் கசக்கும். டவர் வேண்டும் என்று மனுக் கொடுக்கும் அதே தெருவில், மாடியில் டவர் வைத்தால் உடம்புக்கு ஆகாது என்றும் மனுப் போகிறது. டவர்க் கதிர்வீச்சுக்கு 2012 செப்டம்பர் முதல் நம் நாட்டில் உள்ள வரம்பு, சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கு. டவர் தூரமாகவும் சுவர் தடிமனாகவும் இருந்தால் நம் போன் சும்மா இருப்பதில்லை. எட்டவில்லையே என்று தன் சக்தியை உச்சத்துக்கு ஏற்றிக் கத்துகிறது. பேட்டரி சீக்கிரம் தீருவதும், போன் சுடுவதும் அதனால்தான். அந்தப் போன்தான் காதோடு ஒட்டி இருக்கிறது. பயப்படுகிறவர்கள் எதற்குப் பயப்பட வேண்டும் என்று யோசிக்கட்டும்.

இந்தக் குறையைப் பார்த்து ஒரு வியாபாரம் கிளம்பியிருக்கிறது. "பூஸ்டர் வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து கட்டை வரும்" என்று ஆட்கள் வருகிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். அனுமதியில்லாமல் அப்படிப்பட்ட கருவியை வைத்திருப்பதே குற்றம். 1933-ஆம் ஆண்டு வயர்லெஸ் சட்டத்திலிருந்து இன்றைய 2023 தொலைத்தொடர்புச் சட்டம் வரை நிலை அதுதான். சட்டத்தை விடுங்கள், அண்டை வீட்டுக்காரர் கதையைப் பாருங்கள். தரமில்லாத பூஸ்டர் நம் போனின் குரலோடு சேர்த்து இரைச்சலையும் டவருக்கு அனுப்புகிறது. அந்த இரைச்சலில் தெருவில் உள்ள மற்ற எல்லோருடைய குரலும் டவருக்குக் கேட்காமல் போகிறது. ஒரு கடைக்கு ஐந்து கட்டை, நாற்பது கடைக்குத் தொல்லை. வயர்லெஸ் கண்காணிப்பு அமைப்பின் வண்டி வந்து தேடினால் கருவி இருக்கும் மாடியைச் சரியாகக் காட்டிவிடும்.

அப்படியானால் என்ன செய்வது? முதலில் அளந்து பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய், "அபவுட் போன்" பகுதியில் சிம் நிலையைத் திறந்தால் சிக்னல் அளவு மைனஸ் எண்ணில் இருக்கும். என் கடை வாசலில் மைனஸ் 82. கல்லாவில் மைனஸ் 98. குடோனில் மைனஸ் 117. பத்து எண் இறங்கினால் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று கணக்கு. வாசலுக்கும் என் கல்லாவுக்கும் நடுவே நாற்பதில் ஒரு பங்கு, குடோனில் மூவாயிரத்தில் ஒரு பங்கு. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு ஸ்கேன் அட்டையையும் ஸ்பீக்கர் பெட்டியையும் கல்லா மேலிருந்து எடுத்து வாசல் தூணுக்கு மாற்றினேன். செலவு, இரண்டு ஆணியும் நான்கு மீட்டர் ஒயரும். தகராறு பெரும்பாலும் நின்றுவிட்டது.

குடோனுக்கு ஆணி போதாது. கேபிள் வழியாக வரும் பைபர் இணைப்பு எடுத்து உள்ளே ஒரு வைஃபை பெட்டி வைப்பதே வழி. கேபிள் துளை வழியாக வருகிறது, சுவருக்குத் தரகு கொடுப்பதில்லை. வைஃபையிலும் 2.4, 5 என்று இரண்டு வகை உண்டு; மூட்டைகளைத் தாண்டிப் போக 2.4-தான் உதவும். வைஃபை வழியாகவே போன் பேசும் வசதியை ஏர்டெல் 2019 டிசம்பரிலும், ஜியோ 2020 ஜனவரியிலும் தொடங்கிவிட்டன. செட்டிங்ஸில் அதைத் திறந்துவிட்டால் போதும், பலர் திறப்பதே இல்லை.

புதிதாகக் கட்டுகிறவர்களிடம் என் வேண்டுகோள்: இஞ்சினீயரிடம் தண்ணீர்த் தொட்டி, மோட்டார் பற்றிப் பேசும்போதே இதையும் பேசுங்கள். முன்பக்கம் முழுவதும் ஏ.சி.பி. அடிக்காமல் ஒரு பகுதியையாவது செங்கல், மரம், அல்லது சாதாரணக் கண்ணாடியாக விடுங்கள். தகட்டு ஷட்டருக்குப் பதில் முடிந்த இடத்தில் கிரில் ஷட்டர் போடுங்கள். குடோன் கூரையில் தகட்டுக்கு நடுவே நான்கு பைபர் ஷீட் போட்டால் வெளிச்சமும் வரும், சிக்னலும் வரும். சுவரில் கேபிளுக்கு ஒரு குழாயைக் கட்டும்போதே புதைத்துவிடுங்கள். பிறகு துளை போட டிரில் வாடகை, பூச்சு என்று எல்லாம் செலவு. கட்டடத்துக்குள் சிக்னல் எப்படி இருக்கிறது என்று பார்த்து நட்சத்திரம் கொடுக்கும் விதிமுறையை டிராய் 2024-ல் கொண்டுவந்திருக்கிறது. அது கட்டாயம் இல்லை, பெரிய கட்டடங்களை மனதில் வைத்தது. ஆனாலும் சுவருக்குள் சிக்னல் வருவதும் கட்டடத்தின் தரத்தில் சேர்த்தி என்று அரசே ஒப்புக்கொண்டது நமக்கு ஒரு பிடி.

நம்மில் பலர் வாடகைக் கடைக்காரர்கள். எலிவேஷன் அடிப்பவர் சொந்தக்காரர், நஷ்டப்படுபவர் நாம். ஷட்டர், மீட்டர், அட்வான்ஸ் பற்றி எழுதும் வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்க்கவேண்டும் என்பது எனது தாழ்மையான கருத்து: கேபிள் கொண்டுவர வாடகைதாரருக்கு உரிமை உண்டு, முன்பக்கத்தை உலோகத்தால் மூடுவதற்கு முன் அவரைக் கேட்க வேண்டும். நமது சங்கம் வைத்திருக்கும் மாதிரி ஒப்பந்தத்தில் இதைச் சேர்க்க அடுத்த பொதுக்குழுவில் நான் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். கட்டடச் சொந்தக்காரர்களாக இருக்கும் உறுப்பினர்கள் எதிர்ப்பார்கள் என்று தெரியும். அவர்கள் வரும்போது போனைக் கையில் எடுத்துக்கொண்டு, தங்கள் கட்டடத்தில் உள்ள கடைகளின் வாசலிலும் கல்லாவிலும் அளந்த எண்களை எழுதிக்கொண்டு வரட்டும். அதை வைத்துப் பேசுவோம்.